மொய் நோட்டில் ஊரின் பெயர்



நம் ஊரை நாமே சீர்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் சேவை என்றும் தியாகம் என்றும் மணிக்கணக்காகப் பேசலாம், கைதட்டலும் வரும். நான் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். ஊரார் காசு போட்டு ஒரு வேலை செய்தால் அந்த வேலை நிலைக்குமா, பாதியில் நிற்குமா என்பதைப் பணத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. அந்தப் பணத்தின் கணக்கு எல்லோர் முன்னாலும் படிக்கப்படுகிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை ஊன்றிச் சொல்ல இந்தக் கடைமடையை விடத் தகுதியான இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஏனென்றால் கணக்கை எல்லோர் முன்னாலும் படிக்கிற வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு மொய் விருந்து என்று பெயர்.

முதலில் நாம் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வந்த அதே 1934-ல் நமக்குத் தண்ணீர் தரும் கல்லணைக் கால்வாயும் வந்தது. நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். தலைமடையில் கரைபுரண்டு ஓடுகிற தண்ணீர் தஞ்சாவூரைத் தாண்டி, பட்டுக்கோட்டையைத் தாண்டி, பேராவூரணிக்கு வரும்போது முழங்கால் அளவு. சில வருஷம் அதுவும் இல்லை. மேட்டூர் திறந்த சேதி தினத்தாளில் முதல் நாளே வந்துவிடும், தண்ணீர் வந்து சேர வாரக்கணக்காகும். தண்ணீர் மட்டுமா கடைசியாக வருகிறது? சாலை, கட்டடம், அதிகாரி, நிதி எல்லாமே இங்கே கடைசியாகத்தான் வருகின்றன. இந்த மனக்குறையை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்குவதில்லை, இன்றைக்கும் இறங்க மாட்டேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தது. முப்பது வருஷம், நாற்பது வருஷம் பிள்ளையாக வளர்த்த தென்னை ஒரே இரவில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. லட்சக்கணக்கில் மரம் போனது. தென்னை போனால் இந்தப் பக்கத்தில் கல்யாணம் நிற்கும், படிப்பு நிற்கும், வீடு கட்டுவது நிற்கும். மொய் விருந்துகளில் வசூல்கூடச் சரிந்தது. கையில் காசே இல்லாத அந்தக் காலத்துக்கு அடுத்த ஆண்டு, 2019-ல், பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வார இளைஞர்கள் இறங்கினார்கள். ஐநூறு ஏக்கருக்கு மேல் பரப்புள்ள ஏரி அது. கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம், கைஃபா என்று இன்றைக்கு ஊரெல்லாம் அறிந்த பெயர், அந்தக் கரையில் பிறந்த பெயர். கடைக்காரர் கொடுத்தார், வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அனுப்பினார்கள், விவசாயிகள் கொடுத்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அதற்குப் பிறகு அதே கூட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளில் வேலை செய்திருக்கிறது. எல்லாம் இருந்த காலத்தில் தோன்றாத ஒரு துணிவு எல்லாம் போன காலத்தில் எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனம் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மனம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அறிமுகமில்லாத ஒருவர் கையில் ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற பழக்கம் எல்லா ஊரிலும் இல்லை. நமக்கு அந்தப் பழக்கம் ஆடி மாதம் தோறும் நடக்கிற விருந்தில் வந்தது என்பது என் கட்சி.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் மொய் விருந்தை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பந்தலில் ஆட்டுக்கறி விருந்து ஒரு பக்கம் நடக்கும். வாசல் பக்கம் மேசை போட்டு, நீள நோட்டை விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர் பெயர், ஆள் பெயர், தொகை என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். கொடுத்தவர் தன் பெயர் சரியாக ஏறியதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார். எட்டிப் பார்ப்பதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் ஒரு குடும்பம் விருந்து வைக்கலாம். அன்றைக்கு வாங்கியதைக் கொடுத்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்தாக வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. இருப்பது ஒரு நோட்டும் ஊரின் கண்ணும். அதை நம்பி லட்சமும் கோடியும் கைமாறுகிறது.

அந்த ஏற்பாட்டில் வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. மொய் செய்யக் காசில்லாமல் வட்டிக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், திருப்பிச் செய்ய முடியாமல் விருந்துக்கே போகக் கூசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. ஊர் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கட்டாயத்தை அல்ல, அந்த நோட்டை. இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 2022-ல் இலங்கை மக்கள் மருந்துக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று தவித்தபோது, ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் தன் கடையிலேயே மொய் விருந்து வைத்தார். டீயைக் குடித்துவிட்டு முடிந்ததைப் போட்டுவிட்டுப் போங்கள், வந்தது முழுவதும் அந்த மக்களுக்கு என்றார். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை, அவர் பெயருக்காகச் செய்யவில்லை. சொந்தக் குடும்பத்துக்குப் பணம் திரட்டுகிற ஒரு வழக்கத்தைக் கடல் தாண்டியிருக்கிற ஒரு குடும்பத்துக்காகத் திருப்பினாரே, அந்தத் திருப்பத்தை எந்தத் திட்டக் குழுவும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. (கைதட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள்.)

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். வீட்டு வரி கட்டுகிறோம், தண்ணீர் வரி கட்டுகிறோம், தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம், பிறகு குளத்துக்கும் நாங்களே ஏன் காசு போட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அரசு தன் கடமையிலிருந்து நழுவ நாமே வழி செய்து கொடுக்கிறோம் என்பது இதன் உள்ளே இருக்கிற அச்சம். வரலாறும் அந்த அச்சத்துக்குத் துணை நிற்கிறது. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரித்த முறையைக் குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அதே குடிமராமத்தைக் காட்டி 1858-ல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். ஊரார் தாமாகச் செய்த வேலை சட்டத்தின் வாயில் விழுந்து கட்டாயமானது. ஆகவே கேட்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பணத்தால் செய்ய முடிகிற வேலை எது, முடியாத வேலை எது? மண்ணை அள்ளலாம், கரையை உயர்த்தலாம், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கலாம், பனை விதை ஊன்றலாம். வரத்துக் கால்வாயை யார் மறித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அளந்து, கல் நட்டு, அகற்ற நம்மால் முடியாது. அதற்கு 2007-ல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது, அதிகாரம் அரசின் கையில் இருக்கிறது. மதகைத் திறப்பதும் முறை வைப்பதும் அரசின் கையில் இருக்கிறது. நாம் நம் பங்கைச் செய்து, செலவுக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு அளவை எப்போது என்று கேட்டால், அந்தக் கேள்வியின் கனம் வேறு. மனுக் கொடுப்பவரைக் காத்திருக்கச் சொல்லலாம். பங்காளியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

இன்னொரு எதிர்வாதம் என்னை உண்மையிலேயே தூங்கவிடாத வாதம். பணம் இருக்கிற தெரு பளபளக்கும், இல்லாத தெரு அப்படியே கிடக்கும் என்பது அது. 1997-ல் நமக்கு நாமே திட்டம் வந்தபோது பொதுமக்கள் பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும் என்றார்கள். 2011-ல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-ல் மறுபடியும் நமக்கு நாமே வந்தது. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, ஊரார் பங்கு தர வேண்டும் என்ற விதி மாறவில்லை. பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம். வியாபாரிகள் இருக்கிற கடைத்தெரு அதை ஒரு மாலையில் திரட்டிவிடும். கூலிக்காரர்கள் இருக்கிற காலனி எப்படித் திரட்டும்? ஒரே விதியை எல்லோருக்கும் வைத்தால் அது சமமாகத் தோன்றும், முடிவில் கடைமடை கடைமடையாகவே நிற்கும். 2017-ல் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது விவசாயிகள் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்தார்கள், உழைப்பாகவும் தரலாம் என்றார்கள். அந்த வழி சரி. ஏழைத் தெருவுக்குப் பங்கைக் குறையுங்கள், உழைப்பை ரூபாயாக மதித்து நோட்டில் ஏற்றுங்கள். மண்வெட்டியோடு ஒரு நாள் நின்றவரின் பெயரும் பத்தாயிரம் கொடுத்தவரின் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அரசாங்கத்திடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஆனால் அதே குடிமராமத்தில் என்ன நடந்தது? ஆயக்கட்டுக்காரர் சங்கம் என்ற பெயரில் ஒப்பந்தக்காரர்கள் நுழைந்தார்கள், பத்தில் ஒரு பங்கை அவர்களே கட்டி வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்று பல ஊர்களில் குற்றச்சாட்டு எழுந்தது. நோக்கம் நல்லது, விதி நல்லது, நோட்டு ஊரிடம் இல்லை. அதனால்தான் கணக்கு, கணக்கு என்று கத்துகிறேன். குளத்து வேலையில் பணக் கணக்கு பாதிதான், மண் கணக்கு மீதி. பொக்லைன் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, எத்தனை லோடு வண்டல் வெளியே போனது, அது யார் வயலில் இறங்கியது? வயலுக்குப் போனால் உரம், செங்கல் சூளைக்குப் போனால் வியாபாரம். கரையில் நிற்கிற ஒரு பள்ளிக்கூடப் பையன் லாரியை எண்ணிவிட முடியும். எண்ணச் சொல்லி ஒரு நோட்டைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், குடவோலைத் தேர்தல் என்றவுடன் நிறுத்திவிடுகிறார்கள். 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது, தோட்ட வாரியம் இருக்கிறது, பொன் வாரியம் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகவே கூடாது என்றும் இருக்கிறது. அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினரின் பெயரும் போகக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரியைப் பார்த்துக்கொண்டவனிடம் அந்த ஊர் கேட்ட கேள்வியை இன்றைக்கு நாம் கேட்கக் கூசுகிறோம்.

இங்கே ஒரு கூட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். குளம் வெட்டுகிற பிள்ளைகள் எல்லாம் நாளைக்கு ஓட்டுக் கேட்டு வரத்தான் போகிறார்கள் என்று பேசித் திரிகிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறேன். வரட்டுமே! குளம் வெட்டிவிட்டு ஓட்டுக் கேட்பது இந்த நாட்டில் எந்தச் சட்டப்படி குற்றம்? ஓட்டை வாங்கிவிட்டுக் குளத்தை மறந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஐயாயிரம் ரூபாய் வேலைக்குப் பத்தாயிரம் ரூபாயில் பெயர்ப் பலகை வைத்து, திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு, பந்தல் பிரித்த மறுநாள் அந்தப் பக்கமே வராமல் போனவர்கள் அந்தப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதிக்க வருகிறார்கள். சோதியுங்கள். கணக்கைக் கேளுங்கள், ஒவ்வொரு ரசீதாகப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் கணக்கையும் அதே மேசையில் வையுங்கள். அந்த டீக்கடைக்காரருக்கு எந்தத் தேர்தல் இருந்தது? இலங்கையிலிருந்து அவருக்கு யார் ஓட்டுப் போட வரப்போகிறார்கள்?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஐந்து லட்சம் அனுப்பினால், வேலையை அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவர் ஊரைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும், அவர் நினைவில் இருக்கிற ஊருக்கு அலங்கார வளைவு கேட்பார். கீழத்தெருப் பெண்களுக்கு வேண்டியது சாக்கடை. ஒரே ஆளிடம் ஐந்து லட்சம் வாங்குவதை விட ஆயிரம் பேரிடம் ஐந்நூறு வாங்குவது கடினம், அலைச்சல், பேச்சு வாங்க வேண்டும். ஆனால் ஐந்நூறு கொடுத்த ஆயிரம் பேரும் அந்த வேலையை வேடிக்கை பார்க்க வருவார்கள். கரை உடைந்தால் ராத்திரியில் ஓடி வருவார்கள். தூர்வாரிய குளம் மூன்றாம் வருஷம் மறுபடியும் கருவேலங்காடாவதை எத்தனை ஊரில் பார்க்கிறோம்! அங்கெல்லாம் பணம் ஒரு கையிலிருந்து வந்திருக்கும், அந்தக் கை சோர்ந்ததும் குளமும் சோர்ந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. வருகிற ஆடியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மொய் விருந்தை ஊரின் பெயரில் வையுங்கள். கறி வேண்டாம், டீ போதும், அந்த டீக்கடைக்காரர் வழிகாட்டியிருக்கிறார். கட்டாயம் கூடாது, தொகை நிர்ணயம் கூடாது, உழைப்பாகத் தருகிறவர் பெயரையும் எழுதுங்கள். எழுதிய நோட்டை யார் வீட்டுப் பெட்டியிலும் பூட்டாதீர்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள், பேரூராட்சிக்காரர்கள் உங்கள் பகுதி சபைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். வரவு, செலவு, மண் லோடு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும் அரசு செய்ய வேண்டிய அளவையையும் ஆக்கிரமிப்பு அகற்றலையும் அதே கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, வந்திருக்கிற அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.