கடலுக்குள் ஒலிப்படம்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயற்பியல் ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டி, குழாயில் தண்ணீரை ஏற்றி இறக்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குமேல் ஒலிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்ததில்லை. 1986இல் வங்கக் கடலில் ஓர் ஆய்வுக் கப்பலில் எக்கோ சவுண்டரைக் கவனிக்கும் வேலை கிடைத்தது.

முதல் நாள் மாலை, காகிதச் சுருளில் ஆழத்தில் கிடந்த கறுப்புப் பட்டை மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. கடல்தரைதான் எழும்பி வருதோ என்று பயந்தே போனேன்! 1942இல் கலிபோர்னியா அருகே நீர்மூழ்கிகளுக்காக ஒலிச்சோதனை செய்தவர்களும் இப்படி ஒரு பட்டையைப் பார்த்துக் குழம்பியவர்கள்தாம். அது இரவில் ஏறிப் பகலில் இறங்குகிறது, ஆகவே உயிர்கள்தாம் என்று 1945இல் மார்ட்டின் ஜான்சன் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து, அடர்ந்த கறுப்பு ஒன்று தெரிந்தது. "இங்கே மிதவை உயிரிகள் ஏராளம்" என்று கரைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பிறகு வலை போட்டால் அரைக் கிண்ணம்கூடத் தேறவில்லை. எல்லாம் கடுகளவு ஓட்டு நத்தைகள். விலங்கியல் படித்த மூத்த ஆய்வாளர் சிரித்தார்: "என்ன தம்பி, வலையைக் கேட்காம காகிதத்தை நம்பிட்டியே!"

திருத்தம் அனுப்ப வெட்கப்பட்டு மூன்று நாள் தயங்கினேன். அதற்குள் என் செய்தியை நம்பி ஒரு படகு டீசல் செலவழித்து வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தது.

1994இல் டிமோதி ஸ்டான்டன் குழுவினர் எழுதியதைப் படித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. ஒரே எடைக்கு, ஓடுள்ள நத்தை தரும் எதிரொலி, தண்ணீர் போன்ற உடலுடைய சால்ப் தருவதைப்போல் சுமார் 19,000 மடங்கு! கறுப்பு அடர்த்தியை வைத்துத் தலை எண்ண முடியாது.

அப்படியானால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்து ஜூல்ஸ் ஜாஃபி அதற்குத்தான் 'ஃபிஷ் டிவி' என்ற கருவியைச் செய்தார். 445 கிலோஹெர்ட்ஸ் ஒலி. தண்ணீரில் அதன் அலைநீளம் மூன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு உயிரியும் தனிப் புள்ளியாகத் தெரியும், அது போகும் பாதையையும் முப்பரிமாணத்தில் தொடரலாம். செங்கடலில் 3,75,000க்கும் மேற்பட்ட பாதைகளைப் பதிந்து, ஜெனின், ஜாஃபி குழுவினர் 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நீரோட்டம் மேலே இழுத்தால் இவை கீழே நீந்துகின்றன. கீழே இழுத்தால் மேலே. சில நேரம் நொடிக்குத் தம் உடல்நீளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல்! 'அலைந்து திரிவது' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1887இல் ஹென்சன் பிளாங்டன் என்று பேர் வைத்தார். பக்கவாட்டில் பேருக்கேற்றபடி போவதுதான். ஆழத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் நீர் எழும்பும், அமிழும் இடங்களில் கூட்டம் சேருகிறது.

ஆனாலும் அந்தப் புள்ளி இன்ன இனம் என்று ஒலி சொல்லாது. அதற்கு வலைதான். இந்த வேலைக்கு வர நினைக்கும் இயற்பியல் மாணவர்கள் எதிர்க் கட்டிடத்து விலங்கியல்காரர்களோடு இப்பவே சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதச் சுருளைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வகத்தில் விரித்து வைக்கிறேன், வந்து பாருங்கள்.