பொந்துக்குள் ஒரு தாய்

காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்பும் புளியமரமும் பார்த்துப் பழகிய நமக்கு மழைக்காடு என்றால் அமேசான்தான் ஞாபகத்துக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவை மாவட்டத்து ஆனைமலையில், வால்பாறையைச் சுற்றியே இருக்கிறது.

அங்கே இருவாச்சி என்றொரு பெரிய பறவை. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயரமான மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகை நீட்ட மட்டும் ஒரு சின்ன இடுக்கு. உள்ளே இருக்கும்போது சிறகு இறகுகளையும் உதிர்த்துவிடுவதால் பறக்கவும் முடியாது. மாதக்கணக்கில் ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். வெறுங்கையோடு வீடு திரும்பும் ஆண்கள் கவனிக்கவும்! தின்ற பழங்களின் கொட்டைகளை இருவாச்சி காடெங்கும் விதைத்தும் விடுகிறது.

அதே காட்டில் சிங்கவால் குரங்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது. காட்டை வெட்டித் தேயிலை போட்டதால், மரம்விட்டு மரம் தாவ வேண்டியது இன்று தார்ச்சாலையில் இறங்கி நடக்கிறது. கோடை விடுமுறைக்கு வால்பாறை போகிறவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள்.