அம்மாவுக்கு என்ன ஆயிற்று?



சொல்வதெழுதுதலில் தவறே செய்யாத மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், ஒரு நாள் என்னிடம் வெறுந்தாளை நீட்டினான். தனியே அழைத்து விசாரித்தேன். "அம்மா ரெண்டு மாசமா செவுத்தப் பார்த்தே படுத்திருக்காங்க டீச்சர். நான் தண்ணிப் போத்தலைத் தொலைச்சதிலேருந்துதான்" என்றான்.

அந்தத் தாய்க்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய். போத்தலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பெரியவர்கள் காரணம் சொல்லாதபோது பிள்ளைகள் தாமே ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறார்கள். பழியையும் தம் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

அவன் தகப்பனாரை வரவழைத்தேன். "சின்னப் புள்ளைக்கு என்னங்க தெரியும்?" என்றார். வெட்கம்தான் காரணம். ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிறகு 1971-இல் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்னும் பெயரைச் சூட்டினார்கள். நம்மவர் வாயில் மட்டும் ஊர்ப் பெயரே வசவாக நின்றுவிட்டது. பையனையும் அப்படித்தான் கேலி செய்திருக்கிறார்கள். உண்மையில், மனச்சோர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதே இல்லை. அரசாங்கக் கிளினிக்கிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு மனசும் உடம்பும் சேர்ந்து சோர்ந்துபோகிற நோய். அது உன்னால் வரவில்லை. உன்மேல் உள்ள பாசமும் குறையவில்லை. குணப்படுத்துவது டாக்டர் வேலை, உன் வேலை இல்லை." மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால், மறுநாளே அம்மா எழுந்து சிரிப்பார் என்று காத்திருந்து பிள்ளை ஏமாறும்.

பத்து வயது அக்காள் சோறாக்கித் தம்பியைக் குளிப்பாட்டினால், பொறுப்பான பிள்ளை என்று மெச்சுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சித்தியோ பக்கத்து வீட்டம்மாவோ ஒரு வேளைச் சோறு கொடுத்தால், அவள் பள்ளிப்பாடம் செய்வாள்.

"செத்தாத் தேவல" என்ற பேச்சு வீட்டில் காதில் விழுந்தால், உடனே ஒரு பெரியவரிடம் ஓடி வரச் சொல்லுங்கள். தாய்க்குக் காவலிருப்பது பிள்ளையின் பொறுப்பல்ல. களைக்கொல்லி மருந்தைப் பூட்டி வையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

கடைசியில் தகப்பனாரே மகனிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் ஒன்றுதான் கேட்டானாம்: "அப்ப, அம்மா பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதலாமாப்பா?"