ஆற்றங்கரை ஆலை

கட்டடக்கலை என்றதும் கோட்டையும் அரண்மனையும் மாதா கோயிலுமே நம் நினைவில் எழுகின்றன. உழவனுக்காக எழுந்த கட்டடத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. ஆகவேதான், ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில், ஈஸ்ட் லின்டன் என்னும் சிற்றூருக்கு அருகே டைன் ஆற்றங்கரையில் நிற்கும் பிரஸ்டன் மாவாலையைப் பற்றி இன்று பேச முன்வந்தேன்.

இப்போதுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கரடுமுரடான கற்சுவர், செந்நிற ஓடு வேய்ந்த கூரை. ஒரு புறம் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் ஆலை. மறு புறம் கூம்பு வடிவக் கூரையுடைய சூளை. மாவு அரைக்கும் இடத்தில் சூளை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்நாட்டுக் குளிரிலும் மழையிலும் அறுவடையாகும் ஓட்ஸ் தானியம் ஈரம் மிகுந்தது. நன்கு உலர்த்தினாலன்றி அதன் உமி எளிதில் நீங்காது. எனவே, கீழே தீ மூட்டி, மேல்தளத்தில் தானியத்தைப் பரப்பினார்கள். புகையும் ஆவியும் கூம்பின் வழியே மேலெழுந்து உச்சியிலுள்ள மூடியால் வெளியேறின. காற்று எத்திசையில் வீசினும் அம்மூடி சுழன்று, தன் வாயைக் காற்றுக்கு மறுபுறம் திருப்பிக்கொள்ளும். விசித்திரத் தொப்பிபோல் தோன்றும் அவ்வடிவம் தேவையினின்று பிறந்த அழகு என்பேன்.

ஆயினும், ஸ்காட்லாந்து ஆலைகளின் வரலாறு முழுவதும் இனியதன்று. 'தர்லேஜ்' என்றொரு பழைய வழக்கம் அங்கே இருந்தது. அதற்குக் கட்டுப்பட்ட குடியானவன், தன் தானியத்தைக் குறிப்பிட்ட ஓர் ஆலையிலேயே அரைக்க வேண்டும். அதில் ஒரு பங்கை அளந்து கொடுக்கவும் வேண்டும். 1799-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு ஈடு செலுத்தி விடுபட வழி வகுத்தது.

இதே வட்டாரத்து ஹூஸ்டன் ஆலையில்தான், கதிரடிக்கும் எந்திரத்தைக் கண்ட ஆண்ட்ரூ மீக்கிள் தொழில் புரிந்தார். அருகிலுள்ள ஃபாண்டாசிப் பண்ணையில் 1761-இல் பிறந்த ஜான் ரென்னி, அவரிடம் தொழில் பழகினார். 1817-இல் லண்டனில் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தை வகுத்த பொறியியல் மேதை அவரே. பல்லும் சக்கரமும் அவருக்கு முதற்பாடம் ஆயின.

பிரஸ்டன் ஆலை 1950-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் வந்தது. 1959 வரை வாணிகத்துக்காக மாவு அரைத்தது. மாணவர்களே! இத்தகைய கட்டடங்களைக் காப்பது நன்று. கட்டியவரின் திறமையோடு, அங்கே தானியம் சுமந்து வந்தவரின் பாடும் நினைவில் நிற்குமாயின், அது இன்னும் நன்று.