இரண்டே இரண்டு ஆட்டங்கள்



புல்மோட்டைக் கடற்கரையில் மாலை வேளைகளில் மென்பந்து கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? இல்மனைட் கலந்த கறுத்த மணலில் பந்து எழும்பாது. ஆகவே, அலை நனைத்து இறுகிய இடம் பார்த்து விக்கெட்டை நடுவார்கள். ஒருவன் தன்னை முரளி என்பான். இன்னொருவன் சனத் என்பான். ஜெகநாதன் என்று எவனும் தன்னைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெயரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஸ்ரீதரன் ஜெகநாதன் 1951 இல் பிறந்தவர். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. அதே ஆண்டில் பந்துல வர்ணபுரவின் தலைமையில் ஒரு குழு, இனஒதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுக்கு விளையாடச் சென்று, 25 ஆண்டுத் தடைக்கு ஆளானது. அந்த வெற்றிடத்தில் புதியவர்களுக்கு இடம் கிடைத்தது. 1983 மார்ச்சில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் வேகப்பந்து வீச்சாளர் வினோதன் ஜோனும் ஜெகநாதனும் ஒரே நாளில் டெஸ்ட் அரங்கில் கால் வைத்தனர்.

ஜோன் 6 போட்டிகள் ஆடி 28 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஜெகநாதனுக்கோ கிறைஸ்ட்சேர்ச்சும் வெலிங்டனும் மட்டுமே. இரண்டிலும் இலங்கை தோற்றது. அவர் பெற்ற மொத்த ஓட்டங்கள் 19. விக்கெட் ஒன்றுமில்லை. ஒரே மாதத்துக்குள் அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்துவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் நாட்டில் நடந்ததை நேயர்கள் அறிவீர்கள்.

ஆயினும் அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1987 உலகக் கிண்ணப் போட்டிகளுக்கான இலங்கை அணியில், தமது 36 ஆவது வயதில், அவர் இடம்பெற்றார்.

1996 மார்ச் 17 இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. ஊரெல்லாம் வெடி கொளுத்தியது. இரு மாதங்கள்கூட ஆகவில்லை. மே 14 இல், 44 வயதில், ஜெகநாதன் காலமானார். இலங்கையின் டெஸ்ட் வீரர்களில் முதலில் மறைந்தவர் அவரே. எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறாதவருக்கு இந்த ஒரு பட்டியலில் முதலிடம்!

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் ஒரு தொழில்முறை வீரனின் ஆட்டக்காலம் சராசரியாக மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டும் என்பார்கள். ஆக, குறுகிய வாழ்வே விளையாட்டின் பொது விதி. முரளியின் 800 விக்கெட்டுகள்தான் விதிவிலக்கு. இலக்கியத்திலும் அப்படித்தானே? ஒரே தொகுதியோடு நின்றுபோன கவிஞர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் பாரமான கனிமத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மணலைத் தள்ளிவிடுவார்கள். வரலாறும் அப்படித்தான் சலிக்கிறது. ஆனால் அந்த மிச்ச மணல் இல்லாவிட்டால் கரை ஏது?

அன்றொரு நாள் அதே கடற்கரையில் முதற் பந்திலேயே ஆட்டமிழந்த சிறுவன் ஒருவன், ஓட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய பையனிடம் வந்து, “நானா, எண்ட பேர கொப்பியில எழுதினீங்களா?” என்று கேட்டான்.

“எழுதிட்டன். முட்டைதான் போட்டிருக்கு.”

“பரவால்ல. பேர் இருக்குதானே?” என்று சொல்லிவிட்டு, பந்து பொறுக்க ஓடினான்.