வடிகஞ்சி கேட்ட சிறுமி

(கொல்கத்தா கார்டன் ரீச்சில் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் பகுதி)



பஞ்சம் என்றால் என்னவென்று ஒன்பது வயதுக் குழந்தை கேட்டால் நாம் எண்ணிக்கையைச் சொல்கிறோம். 1943 வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணை ஆணையம். 30 லட்சம் வரை இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு. இந்த எண்கள் குழந்தை மனத்தில் தங்குவதில்லை. வடிகஞ்சியை அதற்குத் தெரியும். நாம் வடித்துக் கொட்டும் அந்தக் கஞ்சியைத்தான், கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் கல்கத்தாவின் வாசல்தோறும் கேட்டார்கள். சோறு கேட்கும் நம்பிக்கைகூட அவர்களிடம் எஞ்சியிருக்கவில்லை. ஒரு சிறுமி, ஒரு சட்டி, சாத்திய கதவு. வரலாற்றுப் படக்கதையை இங்கே தொடங்கலாம்.

ஆனால் பல படக்கதைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. எலும்பும் தோலுமான உடல், கண்ணீர், கடைசிப் பக்கத்தில் இரக்கமுள்ள ஒருவர் நீட்டும் உணவு! பஞ்சம் வானத்திலிருந்து விழுந்தது என்றே குழந்தை நம்பிவிடும். 1942 அக்டோபர் புயல் மேதினிப்பூரைச் சூறையாடியது உண்மை. பர்மா அரிசி நின்றதும் உண்மை. அத்துடன், ஜப்பானியர் கையில் சிக்கிவிடும் என்று கடலோர மாவட்டங்களின் படகுகளை ஆயிரக்கணக்கில் பறித்ததும் அழித்ததும் ஆங்கிலேய அரசு. படகு போனபின் மீனவன் எதைக் கொண்டு பிழைப்பான்? நெல் எதில் ஏறிச் சந்தைக்கு வரும்? பதுக்கல்காரர்கள் காத்திருந்தார்கள், அரிசி விலை பல மடங்கு ஏறியது. சிறுமியின் பெயரைக் கதாசிரியர் கற்பனை செய்துகொள்ளட்டும். அவளுடைய தந்தையின் படகு யாரால் பறிபோனது என்பதையும், பூட்டிய கிடங்கையும் உள்ளபடியே வரையட்டும்.

இந்த ஊரில் நின்று பேசும்போது, சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போர் உற்பத்தி தடைபடக் கூடாதென்று கல்கத்தாவின் ஆலை, துறைமுகத் தொழிலாளருக்கு அரிசி முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. நெல்லை விளைவித்தவன் நடைபாதையில் செத்தான். இது தொழிலாளி மீது கொண்ட பரிவல்ல. 1943 டிசம்பர் 5 அன்று பக்கத்துக் கிதிர்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது செத்தவர்களும் அந்தத் தொழிலாளர்களே. பங்கீட்டு அரிசி உண்ட வீட்டுச் சிறுவன் ஒருவனும் நம் கதையில் வேண்டும். கதவைத் திறப்பதா என்று அவன் தயங்கும் பக்கத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.

ஓவியர் சித்தபிரசாத் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மேதினிப்பூரில் நடந்தே திரிந்து பஞ்சத்தை வரைந்தவர். கண்ட மனிதர்களின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டார். 'பசித்த வங்கம்' என்ற அவரது நூலின் படிகளை ஆங்கிலேயர் பறித்து எரித்தார்கள். தப்பிய படியைக் கொண்டு அது 2011இல் மறுபதிப்புக் கண்டது. கோட்டோவியத்துக்கு ஏன் அவ்வளவு அஞ்சினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

"குழந்தைகள் பயந்துவிட மாட்டார்களா?" என்று சற்றுமுன் ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. தனியே படிக்கக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து படியுங்கள். பிணங்களைப் பக்கம் பக்கமாக வரைந்த அதே சித்தபிரசாத், பின்னாளில் பம்பாயில் குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் நடத்தினார். உழைக்கும் சிறுவர்களை லினோ அச்சுப் படங்களாகவும் செதுக்கினார். சிறுவர்களிடம் எதையும் மறைக்க வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை.