சிங்கத்தின் பாட்டுப் பெட்டி: ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ படங்களும் அவற்றின் வீட்டுப் பதிப்புகளும்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர் திரைப்படச் சங்கக்காரர். படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் “கதை எப்படி?” என்று கேட்க மாட்டாராம். “பிரின்ட் எப்படி?” என்றுதான் கேட்பாராம். அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஹாலிவுட்டின் எம்ஜிஎம் கம்பெனி, தன் பழைய இசைப் படங்களிலிருந்து பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் எடுத்துக் கோத்த ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ என்ற மூன்று படங்கள், வீடியோ காசெட்டாகவும் லேசர் டிஸ்க்காகவும் டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் வீட்டுக்கு வந்துவிட்டன. எல்லாம் ஒரே படம்தானே என்று வாங்குகிறோம். போட்டுப் பார்த்தால் கண்ணுக்குப் படுவதும் காதில் விழுவதும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. அப்படியானால் எதை நல்ல பதிப்பு என்பது? பளிச்சென்று தெரிவது எதுவோ அது என்பார் கடைக்காரர். நான் மூன்று கேள்வி கேட்பேன். சட்டகம் முழுசாக இருக்கிறதா? வேகம் சரியாக இருக்கிறதா? எந்த மூலத்திலிருந்து எடுத்தது?

1. விற்றுத் தீர்ந்த வீட்டில் எடுத்த படம்

முதல் படம் 1974-இல் வந்தது. எம்ஜிஎம்முக்கு அது பொன்விழா ஆண்டு. கொண்டாடுகிற நிலையில் கம்பெனி இல்லை. 1970-இல் உடைகளையும் அரங்கப் பொருள்களையும் ஏலம் போட்டாயிற்று. 1973-இல் சொந்த விநியோகத்தையும் கைவிட்டாயிற்று. கையில் மிஞ்சிய பெரிய சொத்து பழைய படங்களின் கிடங்கு. அதைத் திறந்து ஒரு படம் பண்ணலாம் என்று இறங்கியவர் ஜாக் ஹேலி ஜூனியர். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் தகர மனிதனாக நடித்த ஜாக் ஹேலியின் மகன்.

ஃபிரெட் அஸ்டேர், ஜீன் கெல்லி, ஃபிராங்க் சினாட்ரா, எலிசபெத் டெய்லர், லைசா மின்னெல்லி முதலாகப் பதினோரு நட்சத்திரங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பாடல்களை அறிமுகப்படுத்துகிறார்கள். அவர்களில் பலர் நின்று பேசுவது ஸ்டுடியோவின் வெளியரங்குகளில். பெயின்ட் உரிந்த சுவர், புல் மண்டிய தண்டவாளம். அந்த இடங்கள் பின்னர் இடிக்கப்பட்டு மனை நிலமாயின. கொண்டாட்டத்துக்காக எடுத்த படம், அந்த அரங்குகளின் கடைசிப் பதிவுகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

இரண்டாம் பாகம் 1976-இல் வந்தது. அஸ்டேரும் கெல்லியுமே தொகுப்பாளர்கள்; அவர்கள் வரும் புதிய காட்சிகளைக் கெல்லி இயக்கினார்; எழுத்தோட்டம் சால் பாஸ் செய்தது. மூன்றாம் பாகம் 1994-இல், பட் ஃபிரீட்ஜன், மைக்கேல் ஷெரிடன் இருவர் இயக்கத்தில் வந்தது. இடையில் 1985-இல் ஹேலி ‘தட்ஸ் டான்சிங்’ என்று நடனத்துக்கென்றே தனித் தொகுப்பு செய்தார்.

சிங்க முத்திரை போட்ட கம்பெனியின் படம் வார்னர் டிஸ்க்கில் ஏன் வருகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1986-இல் எம்ஜிஎம்மை வாங்கிய டெட் டர்னர், கம்பெனியின் மற்றப் பகுதிகளை விற்றுவிட்டுப் பழைய படங்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். 1996-இல் டர்னர் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தது. மூன்று பாகங்களையும் ஒன்றாக, இணைப்பு டிஸ்க் ஒன்றும் சேர்த்து, நான்கு டிஸ்க் டிவிடித் தொகுப்பாக 2004-இல் வார்னர் வெளியிட்டது அப்படித்தான்.

2. சட்டகம்: அகலும்போது சிறுத்துப்போகும் படம்

முதல் பாகம் ஒரே பாட்டின் பல வடிவங்களோடு தொடங்குகிறது. ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ பாட்டை 1929-இல் கிளிஃப் எட்வர்ட்ஸ் பாடுகிறார். அடுத்தடுத்து வேறு சிலர் பாடுகிறார்கள். 1952-இல் கெல்லியும் அவரோடு இருவரும். கால் நூற்றாண்டு ஒலிப்பதிவு முன்னேறிய கதை சில நிமிடங்களில் காதுக்குப் புரிந்துவிடுகிறது. அதுவரை சட்டகத்தில் சிக்கல் இல்லை. அந்தக் காலப் படங்களின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு, பழைய டப்பா டிவியின் அகலம் 1.33 மடங்கு. ஏறக்குறைய ஒன்றுதான்.

சிக்கல் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரை முறையோடு வருகிறது. 1954-இல் வந்த ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படத்தில் களஞ்சியம் கட்டும் நாளில் ஒரு போட்டி ஆட்டம் உண்டு. மூத்தவர் நீங்கலாக ஆறு சகோதரர்கள், அவர்களுக்கு எதிராக ஊர் இளைஞர்கள், நடுவில் பெண்கள். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆள்கள். ஆரம்பகால சினிமாஸ்கோப்பின் அகலம் 2.55 மடங்கு. இதை டப்பா டிவியின் உயரத்துக்கு நிரப்பினால் படத்தில் ஏறத்தாழப் பாதி வெளியே போய்விடும். காசெட் காலத்தில் அகலப் படங்களை அப்படித்தான் நிரப்பினார்கள். மிச்சப் பாதியைக் காட்ட ஃபிரேமை இடமும் வலமும் நகர்த்துவார்கள். நடன இயக்குநர் மைக்கேல் கிட் ஒரே பார்வையில் வைத்ததைப் பிரித்துப் பிரித்து யாரோ ஒரு டெக்னீஷியன் காட்டுவார். ஆடுகிறவர்களில் யார் கண்ணில் படுவார், யார் படமாட்டார் என்பதும் அவர் கையில்.

டிவிடியும் புளூ-ரேயும் அகல டிவியும் வந்தபின் தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். பாதிதான் தீர்ந்தது. 1920-க்கு 1080 புள்ளி கொண்ட புளூ-ரே ஃபிரேமில் 1.37 படம் முழு உயரத்தையும் எடுத்துக்கொண்டு சுமார் 1480 புள்ளி அகலத்துக்கு நிற்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை. சினிமாஸ்கோப் படமோ முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு சுமார் 750 வரி உயரத்தில் அடங்கிவிடும். பெருக்கிப் பாருங்கள். குறுகிய சட்டகத்தில் எடுத்த 1940-ஆம் ஆண்டுப் படம் பெரிதாகவும், பிரம்மாண்டம் என்று விளம்பரம் செய்த 1954-ஆம் ஆண்டுப் படம் சிறிதாகவும் தெரியும். தியேட்டரில் சட்டகம் அகலும்போது படம் வளர்ந்தது. வீட்டில் அதே இடத்தில் படம் சுருங்குகிறது. பல அளவுப் படங்களைக் கோத்த தொகுப்பில் இது தெளிவாகத் தெரியும்.

இதற்குப் பரிகாரம் என்று சிலர் எல்லாத் துண்டுகளையும் வெட்டி ஒரே அளவாக்குகிறார்கள். பழைய சட்டகத்தை அகல டிவிக்கு நிரப்பினால் மேலும் கீழும் சேர்த்துக் கால்பங்கு போகும். கீழே போவது எது? கால். அஸ்டேரோ தலை முதல் பாதம்வரை ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும் என்று கேமராக்காரர்களிடம் வற்புறுத்தியவர். அவருடைய காலை வெட்டிவிட்டு அவருடைய நடனத்தை விற்பது எந்த நியாயம்? கறுப்புப் பட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பட்டை இருந்தால் படம் முழுசாக இருக்கிறது.

3. வேகம்: ஏறிப்போகும் சுருதி

இந்தச் சபையில் சங்கீதம் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அமெரிக்க டிவியின் என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம். அதனால் சில ஃபிரேம்களைச் சற்றுக் கூடுதல் நேரம் நிறுத்திக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். அசைவில் லேசான திக்கல் தெரியும், வேகம் மாறாது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் இருந்த பால் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒரே ஒரு ஃபிரேம்தானே வித்தியாசம் என்று படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதல் வேகம். இரண்டேகால் மணி நேரப் படம் ஐந்து நிமிடத்துக்கு மேல் குறைந்துவிடும். சாதாரணக் கதைப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இசைப் படத்தில் சுருதி ஏறிவிடும். அரைக் கட்டை முழுசாக ஏறாது; அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். எந்தக் கட்டையிலும் சேராமல் இடையில் தொங்கும். எம்ஜிஎம்மின் பாடகி-நடிகை ஜூடி கார்லண்டின் குரலில் இருக்கும் கனம் குறைந்து இளங்குரலாகிவிடும். கணினியால் சுருதியை மட்டும் இறக்கித் தந்த பதிப்புகளும் உண்டு. அவற்றிலும் தாளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதை நுணுக்கக்காரரின் குறை என்று ஒதுக்க முடியாது. எம்ஜிஎம்மின் இசைக் குறிப்பேடுகள், அதாவது வாத்தியக்காரர்கள் முன்னால் வைத்து வாசித்த தாள்கள், 1969 வாக்கில் இடம் அடைக்கிறது என்று குப்பையில் கொட்டப்பட்டன. பிற்காலத்தில் பிரிட்டிஷ் இசை நடத்துநர் ஜான் வில்சன் அந்தப் பாடல்களை மேடையேற்ற விரும்பியபோது, படத்தின் ஒலித்தடத்தைக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. தாள் போனபின் ஒலித்தடமே மூலம். அந்த மூலத்தை நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதல் வேகத்தில் ஓட்டிவிட்டு இதுதான் அந்த இசை என்றால் எப்படி?

காலணியால் தரையைத் தட்டி ஆடும் டேப் ஆட்டத்திலும் பதிப்புக்குப் பதிப்பு ஒலி மாறும். 1940-இல் வந்த ‘பிராட்வே மெலடி’ படத்தில் அஸ்டேரும் எலினோர் பவலும் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரையில் ஆடுகிறார்கள். ஓரிடத்தில் வாத்தியங்கள் ஓய்ந்து பாத ஒலி மட்டும் பேசும். விஎச்எஸ் நாடாவின் ஓரத்தில் ஓடும் சாதாரண ஒலித்தடத்தில் அந்தத் தட்டல் மழுங்கிக் கேட்கும்; கறுப்புத் தரை சாம்பல் பூத்துத் தெரியும். லேசர் டிஸ்க்கில் ஒலி சிடித் தரத்துக்கு வந்தது. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரமே ஓடும். இடையில் எழுந்துபோய் டிஸ்க்கைத் திருப்ப வேண்டும். புளூ-ரே 24 ஃபிரேமை 24 ஆகவே தரக்கூடியது. நம்மைப்போல் பால் முறையில் வளர்ந்தவர்களுக்கு அதனால் வரும் பெரிய லாபம் துல்லியமான படத்தைவிடச் சரியான சுருதிதான்.

4. மூலம்: நகலின் நகல்

1974-இல் தொகுப்பாளர்கள் பேசும் காட்சிகள் புதிதாகக் கேமராவில் எடுத்தவை. பாடல்களோ பழைய படங்களிலிருந்து நகலெடுத்துச் சேர்த்தவை. ஒரு துண்டு மறைந்து இன்னொன்று தோன்றும் இடமெல்லாம் மேலும் ஒரு நகல். ஆகவே அந்தப் படத்தின் நெகட்டிவில் பாழடைந்த அரங்கு முதல் தலைமுறை. பொற்காலப் பாட்டு இரண்டாம், மூன்றாம் தலைமுறை.

பிறகு 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் கிடங்கில் தீப்பிடித்தது. பாதுகாப்புக்காக அங்கே வைத்திருந்த எம்ஜிஎம் படங்களின் அசல் நெகட்டிவ்கள் பலவும், ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ படத்தினுடையது உட்பட, எரிந்துபோயின. காப்பு நகல்கள் இருந்ததால் படங்கள் பிழைத்தன.

அந்தக் கால டெக்னிகலர் வண்ண முறையில் ஒரே காட்சி மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதிவாகும். காலம் போகப் போக ஒவ்வொரு சுருளும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும். மூன்றையும் சேர்க்கும்போது உருவங்களின் ஓரத்தில் சிவப்போ பச்சையோ கசியும். 2000-க்குப் பிறகு வார்னர் அந்தச் சுருள்களைத் தனித்தனியே ஸ்கேன் செய்து கணினியில் புள்ளிக்குப் புள்ளி பொருத்தியது. ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ 2004-லும் ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ 2005-லும் அப்படி வெளிவந்தன.

இப்போது தொகுப்புப் படத்தைப் புதுப்பிக்கிறவருக்கு ஒரு சங்கடம். 1974-இன் நெகட்டிவை அப்படியே ஸ்கேன் செய்வதா, பழைய நகல்களை எடுத்துவிட்டுப் புதிதாக மீட்ட துண்டுகளைப் பொருத்துவதா? முதலாவது அன்று ரசிகர்கள் பார்த்த படம். இரண்டாவது அந்தப் பாடல்களுக்குச் செய்யும் மரியாதை. சுவடியைப் பதிப்பிக்கிறவர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் போடுவதுபோல, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டால் இரண்டுமே சரி. டிஸ்க்கின் அட்டையில் இருக்கும் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் அதைச் சொல்லாது.

5. தானே ஒப்பிட்டுக் காட்டும் மூன்றாம் பாகம்

நான் மூன்றாம் பாகத்தின் கட்சி. முதல் இரண்டும் புகழ்பெற்றதைக் காட்டின; மூன்றாவது வெட்டி எறிந்ததையும் காட்டியது. ‘பெல் ஆஃப் நியூயார்க்’ படத்துக்கு அஸ்டேர் ஒரு நடனத்தை எளிய உடையில் ஆடி முடித்தபின், உடை போதாது என்று மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். தோள், மணிக்கட்டு, தொப்பி, எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகின்றன. எழுதி வைத்து ஆடியதுபோல் அச்சு மாறாமல் வருகிறது. காசெட்டில் பாதித் திரைக்குள் சுருங்கிய ஓர் அஸ்டேரின் விரல் எங்கே தெரியப்போகிறது? பெரிய பதிப்பு வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

இன்னொரு ஜோடி: ‘பேண்ட் வேகன்’ படத்திலிருந்து நீக்கிய சிட் சரீஸின் பாட்டு, ‘டார்ச் சாங்’ படத்தில் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ஜோன் கிராஃபோர்டு வாயசைத்த பாட்டு. இரண்டுக்கும் பின்னணி இண்டியா ஆடம்ஸ் பாடிய ஒரே ஒலிப்பதிவு. பின்னணிப் பாட்டில் ஊறிய நமக்கு இதில் அதிசயமில்லை. அமெரிக்க ரசிகருக்கு அது மூடி வைத்த ரகசியம். கறுப்பினப் பாடகி லீனா ஹார்னும் வந்து பேசுகிறார். அமெரிக்கத் தென்மாநிலத் தியேட்டர்களில் எளிதாக வெட்டிவிடும்படி அவருடைய பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் எடுத்த கம்பெனி அது. அவரைக் கொண்டே அதைப் பேசவைத்ததில் முதல் பாகத்தின் புகழ்மாலைக்குக் கணக்கு நேராகிறது.

6. முடிவாக

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. படத்துக்கும் சுருதிக்கும் புளூ-ரே. நீக்கிய பாடல்களும் ஆவணப் படங்களும் உள்ள நான்காவது டிஸ்க்குக்காக 2004-ஆம் ஆண்டு டிவிடித் தொகுப்பு. அமெரிக்க என்டிஎஸ்சி பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் பால் காசெட் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். தம்பூராவை வைத்துக்கொண்டு சுருதி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட உதவும்.

தொகுப்பைப் பார்த்ததோடு நிற்காமல், பிடித்த பாட்டின் முழுப் படத்தைத் தனிப் பதிப்பில் தேடிப் பாருங்கள். 1974-இல் பெரும்பாலோருக்கு அந்த வழி இல்லை, தொகுப்பே கதி. இன்று தொகுப்பை ஒரு பொருளடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் டிவி சேனல்களும் பழைய தமிழ்ப் பாடல்களைத் தலையும் காலும் வெட்டி அகலத் திரைக்கு நிரப்பித்தான் ஒளிபரப்புகின்றன. சட்டகம், வேகம், மூலம் என்ற மூன்று கேள்வியை அங்கேயும் கேட்கலாம். இங்கிருக்கும் மாணவர்களில் ஒருவராவது ஒரு தமிழ்ப் பாட்டின் எல்லாப் பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுத முன்வந்தால், அதை அடுத்த ஆண்டுச் சொற்பொழிவாக வைக்கும்படி இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.